சாம்பலிலிருந்து விறகு: வெயிலைக் கொண்டு கார்பன் டைஆக்சைடை எரிபொருளாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது பத்திரிகையில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது: "காற்றிலிருந்து பெட்ரோல்! விஞ்ஞானிகள் சாதனை." மறுநாள் காலை என் தொலைபேசி ஒலிக்கும். ஒளிவினையூக்கிகளோடு, அதாவது ஒளி பட்டால் வேதிவினையை முடுக்கும் பொருள்களோடு, சில ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்பதால் உறவினர், நண்பர், மாணவர் என்று எல்லோருக்கும் நான்தான் அகப்படுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் போகாது.

சுருக்கமாகச் சொன்னால் இது என்ன?

எரிந்து முடிந்த ஒன்றை மறுபடியும் எரியக்கூடியதாக மாற்றும் முயற்சி. பெட்ரோலோ விறகோ எரியும்போது அதிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விடுகின்றன. நமக்கு வெப்பம் கிடைக்கிறது. வந்த வழியே திரும்பிப் போய், கார்பன் டைஆக்சைடையும் தண்ணீரையும் வைத்து கார்பன் மோனாக்சைடு, மெத்தனால், மீத்தேன் போன்றவற்றைச் செய்யவேண்டும். இறங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ஏறும்போது திருப்பிக் கட்டியாக வேண்டும். அந்தத் தொகையை வெயிலிடமிருந்து வாங்கலாம் என்பதுதான் யோசனை.

கார்பன் டைஆக்சைடு ஏன் அசைந்துகொடுப்பதில்லை?

அது கார்பனின் சாம்பல். அடுப்புச் சாம்பலைத் திரும்ப விறகாக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? நடுவில் கார்பன், இருபுறமும் இரட்டைப் பிணைப்பால் இறுகிய ஆக்சிஜன், மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். இதற்கு ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் ஊட்டினால் அந்த நேர்க்கோடு வளைந்தாக வேண்டும். வளைவதற்கு ஆகும் செலவுதான் அதிகம்: அமிலமோ காரமோ அல்லாத நீரில் ஏறத்தாழ −1.9 வோல்ட் (கழித்தல் பக்கம் எண் பெரிதாகப் பெரிதாகச் செலவும் கூடும்). சாதாரணமாகக் கிடைக்கும் ஒளிவினையூக்கிகளில் அவ்வளவு தள்ளும் வலு உள்ளவை மிக அரிது.

எலக்ட்ரானோடு புரோட்டானையும் சேர்த்துக் கொடுத்தால் விலை சட்டென்று இறங்குகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு −0.53 வோல்ட், மெத்தனாலுக்கு −0.38, மீத்தேனுக்கு −0.24. இந்த எண்களைப் பார்க்கும் மாணவர்கள் 'அப்படியானால் மீத்தேன்தானே எளிது' என்பார்கள். காகிதத்தில் எளிதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு 2 எலக்ட்ரான் போதும். மெத்தனாலுக்கு 6, மீத்தேனுக்கு 8, எத்திலீனுக்கும் எத்தனாலுக்கும் 12. ஒரே இடத்தில், ஒரே மூலக்கூறுக்கு, வரிசை தவறாமல் எட்டு முறை பரிமாற வேண்டும். நடுவில் எந்தப் பந்தியிலும் மூலக்கூறு எழுந்து போய்விடலாம்.

வினையூக்கி இந்த ஆற்றலைக் கொடுத்துவிடாதா?

கொடுக்காது. வினையூக்கி கடக்கவேண்டிய கணவாயின் உயரத்தைக் குறைக்கும். மலையுச்சியில் இருக்கும் ஊரைக் கீழே இறக்கிவிடாது. 'எங்கள் வினையூக்கி மிகக் குறைந்த ஆற்றலில் எரிபொருள் தயாரிக்கிறது' என்று யாராவது சொன்னால், அந்த எரிபொருளை எரித்தால் எவ்வளவு ஆற்றல் வரும் என்று கேளுங்கள். அதைவிடக் குறைவாகச் செலவழித்ததாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஒளிவினையூக்கிப் பொடிக்குள் வெயில் பட்டதும் என்ன நடக்கிறது?

பொடி ஒரு குறைக்கடத்தி, அதாவது மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் பொருள். போதிய ஆற்றலுள்ள ஒளித்துகள் ஒன்று மோதினால் உள்ளே ஓர் எலக்ட்ரான் மேல்தளத்துக்குத் தாவுகிறது. கீழே அது இருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்தைத் 'துளை' என்போம். எலக்ட்ரான் பொடியின் மேற்பரப்புக்கு வந்து கார்பன் டைஆக்சைடைச் சந்திக்கவேண்டும். துளையும் மேற்பரப்புக்கு வந்து தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனை வெளியேற்றவேண்டும். இரண்டும் நடந்தால்தான் கணக்கு நேராகும்.

பெரும்பாலும் நடப்பது வேறு. மேலே போன எலக்ட்ரானுக்கு வீட்டு நினைவு வந்து, வந்த துளையிலேயே விழுந்துவிடுகிறது. உண்டான ஆற்றல் வெறும் சூடாகப் போகிறது. இந்த வீழ்ச்சிக்கு நானோ நொடிகளோ மைக்ரோ நொடிகளோ போதும். மேற்பரப்பில் நடக்கவேண்டிய வேதிவினைக்கோ மில்லி நொடிகள் தேவை. ஆமையும் முயலும் ஓடுகிற பந்தயத்தில் முயல் தூங்கவே இல்லை என்றால் என்ன ஆகும், அதுதான் இங்கே ஆகிறது. பொடியின் மேல் செம்பு, வெள்ளி, பிளாட்டினம் போன்ற உலோகத் துணுக்குகளைத் தூவுவது, இரண்டு குறைக்கடத்திகளை ஒட்டவைப்பது எல்லாம் எலக்ட்ரானையும் துளையையும் வெவ்வேறு திசையில் பிரித்து விரட்டத்தான்.

இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது?

இத்தாலியின் பொலோன்யாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜாக்கோமோ சாமிச்சானைச் சொல்லவேண்டும். 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரி தீர்ந்துபோகும், வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்கள் காடுபோல் எழுந்து வெயிலைக் கொண்டு வேதிப்பொருள்களைச் செய்யும் காலம் வரும் என்றார். தன் கட்டடத்தின் மொட்டை மாடியில் வரிசை வரிசையாகக் குடுவைகளை வெயிலில் காயவைத்துச் சோதித்தவர் அவர். வடகம் காயவைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நடைமுறை ஆய்வு தொடங்கியது ஜப்பானில். அகிரா ஃபுஜிஷிமாவும் அவருடைய ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயில் (எலக்ட்ரோடில்) ஒளி பட்டால் தண்ணீர் பிளவுபடுகிறது என்று 1972இல் வெளியிட்டார்கள். 1978இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹால்மன், காலியம் பாஸ்பைடு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி, கார்பன் டைஆக்சைடிலிருந்து ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் ஆகியவற்றைப் பெற்றார். அடுத்த ஆண்டே ஃபுஜிஷிமா, ஹோண்டா உள்ளிட்ட குழு, மின்வாயே இல்லாமல் தண்ணீரில் கலக்கிய பொடிகளாலும் இது முடியும் என்று காட்டியது. அந்தப் பொடிக் குடும்பத்தின் பேரன் பேத்திகளோடுதான் இன்றும் நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம்.

டைட்டானியம் டைஆக்சைடு மலிவானது, கெடாதது என்கிறார்களே. அதையே பயன்படுத்தினால் என்ன?

சுவர்ப் பூச்சிலும் பற்பசையிலும் இருக்கும் வெள்ளைப் பொடிதான் அது. நல்ல பொடி. ஆனால் அது வெள்ளையாக இருப்பதிலேயே அதன் குறை தெரிகிறது: கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் அது விழுங்குவதில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேல்தளத்துக்குத் தாவ ஏறவேண்டிய உயரம், ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோ மீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளிதான் அதற்கு ஆகாரம். தரைக்கு வரும் வெயிலில் புற ஊதாவின் பங்கு 4 முதல் 5 விழுக்காடு. மிச்சம் 95 விழுக்காட்டை வாசலிலேயே நிறுத்திவிடும் பொடியை வைத்துக்கொண்டு எரிபொருள் ஆலை நடத்த முடியாது.

நிறமுள்ள பொடிகள் வெயிலை நன்றாக உண்ணும். மஞ்சள் நிறக் காட்மியம் சல்ஃபைடு ஓர் உதாரணம். கொஞ்ச நேரத்தில் தன்னுடைய துளைகளாலேயே அரிக்கப்பட்டுக் கரையத் தொடங்கிவிடும். காட்மியம் நஞ்சு என்பது தனி.

தண்ணீருக்குள் செய்வதால் ஏதும் சிக்கல் உண்டா?

இரண்டு உண்டு. கோலி சோடாவை உடைத்தவுடன் சீறிக்கொண்டு வெளியேறுவது எது? அழுத்திப் பிடித்தால்தான் கார்பன் டைஆக்சைடு தண்ணீரில் தங்கும். சாதாரண அழுத்தத்தில், 25 டிகிரியில், முழுக்க கார்பன் டைஆக்சைடை ஊதினாலும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது ஒன்றரை கிராம் அளவுதான். வினையூக்கியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், தேடவேண்டியதாக இருப்பது கார்பன் டைஆக்சைடு.

இரண்டாவது சிக்கல் இன்னும் எரிச்சலூட்டுவது. எலக்ட்ரான் கிடைத்தால் தண்ணீரும் சும்மா இருக்காது. இரண்டே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனாகிவிடும். மெத்தனாலுக்கு என்று சேர்த்துவைத்த எலக்ட்ரான்களில் பெரும்பங்கை ஹைட்ரஜன் கொண்டுபோவது எங்கள் அன்றாடத் துயரம். ஹைட்ரஜனும் எரிபொருள்தானே என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் ஆய்வேட்டின் தலைப்பு வேறல்லவா?

செம்புக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1980களின் நடுவில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி ஒவ்வோர் உலோகமாக எடுத்து மின்சாரத்தால் கார்பன் டைஆக்சைடை ஒடுக்கிப் பார்த்தார் (எலக்ட்ரானை ஊட்டி மாற்றுவதைத்தான் வேதியியலில் ஒடுக்கம் என்போம்). தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிட்டன. செம்பு மட்டும் மீத்தேன், எத்திலீன் என்று கணிசமாகக் கொடுத்தது.

காரணத்தை 'ஒட்டியும் ஒட்டாமலும்' என்ற இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். வினையின் நடுவழியில் கார்பன் மோனாக்சைடு உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தங்கமும் வெள்ளியும் அதைப் பிடித்து வைப்பதில்லை, போகட்டும் என்று விட்டுவிடுகின்றன. பிளாட்டினமும் நிக்கலும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் வர இடமே இல்லாமல் செய்துவிடுகின்றன. செம்பு அளவாகப் பிடிக்கிறது. அந்த அவகாசத்தில் பக்கத்தில் இன்னொரு கார்பன் மோனாக்சைடு வந்து உட்கார்ந்து கைகோத்தால் இரண்டு கார்பன் உள்ள எத்திலீனும் எத்தனாலும் பிறக்கின்றன. செம்பின் குறை, அது ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு விளைபொருள்களைத் தந்துவிடும். பிரித்தெடுக்கிற செலவில் லாபம் கரைந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளில் 'ஒரு கிராமுக்கு ஒரு மணிநேரத்தில் இத்தனை மைக்ரோமோல்' என்று போடுகிறார்களே, அது எவ்வளவு?

சமையலறைக் கணக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு கிராம் பொடி மணிக்கு 10 மைக்ரோமோல் மீத்தேன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொடிகளில் இது மதிக்கத்தக்க எண்தான். நாளுக்குப் பத்து மணிநேரம் நல்ல வெயில் என்று தாராளமாக எடுத்துக்கொண்டால் 100 மைக்ரோமோல், அதாவது 1.6 மில்லிகிராம். வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. அதே எடை மீத்தேனை இந்த ஒரு கிராம் பொடி செய்து முடிக்க ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும்.

'ஒரு கிலோ பொடி போட்டால் 24 ஆண்டில் முடிந்துவிடுமே' என்பீர்கள். முடியாது. பொடியை அதிகமாக்கினால் மேலே இருப்பது கீழே இருப்பதற்கு நிழலாகிவிடும். வெயில் படும் பரப்பு அதேதான். இதனால்தான் 'ஒரு கிராமுக்கு' என்ற அளவையே நான் நம்புவதில்லை. மிகக் குறைந்த பொடியை எடுத்துக்கொண்டு வகுத்தால் எண் தானாகவே பெரிதாகிவிடும். விழுந்த ஒளியில் எத்தனை விழுக்காடு எரிபொருளில் சேர்ந்தது என்று கேட்பதுதான் நேர்மையான கேள்வி.

அந்தக் கொஞ்சம் மீத்தேனாவது கார்பன் டைஆக்சைடிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் எனக்கு அவர்களைப் பிடித்துவிடும்.

ஆய்வு மாணவனாக இருந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வெண்சாம்பல் நிறப் பொடியைச் செய்தேன். குவார்ட்ஸ் சன்னல் வைத்த கலத்தில் தண்ணீரும் பொடியும், மேலே கார்பன் டைஆக்சைடு, எதிரே 300 வாட் செனான் விளக்கு. ரப்பர் மூடி வழியாக ஊசி குத்தி அரை மில்லிலிட்டர் வாயுவை எடுத்து வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் செலுத்தினேன். மீத்தேன் வரவேண்டிய நிமிடத்தில் கோடு அழகாக எழும்பி இறங்கியது. அன்று மாலை விடுதியில் நண்பர்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வழிகாட்டியிடம் படத்தைக் காட்டியபோது அவர் நிமிராமலே கேட்டார்: "ஆர்கானில் ஓட்டிப் பார்த்தாயா?"

கார்பன் டைஆக்சைடை முழுக்க வெளியேற்றிவிட்டு, கார்பனே இல்லாத, எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை நிரப்பி மறுபடி செய்தேன். அதே நிமிடத்தில் அதே கோடு. உயரம்கூட ஏறத்தாழ அதே உயரம்.

பொடியைச் செய்யப் பயன்படுத்திய கரிமச் சேர்மத்தின் மிச்சம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒளி பட்டதும் அதுதான் உடைந்து மீத்தேனாக வந்திருக்கிறது. 400 டிகிரியில் காற்றில் சுட்டு, பலமுறை கழுவி, மீண்டும் ஓட்டியபோது கோடு பத்தில் ஒரு பங்குக்குக் கீழே சுருங்கிவிட்டது. பரோட்டாக் கணக்கை நான் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை.

உருவாகும் அளவு மைக்ரோமோல்களில் இருக்கும்போது கிரீஸ், ரப்பர், கைரேகை எல்லாமே கார்பனின் ஊற்றுகள்தான். அதனால் இருட்டில் ஒருமுறை, பொடி இல்லாமல் ஒருமுறை, கார்பன் டைஆக்சைடு இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். கடைசியாக, கார்பன்-13 என்ற கனமான ஐசோடோப்பைக் கொண்ட கார்பன் டைஆக்சைடை வைத்துச் செய்யவேண்டும். மீத்தேனின் நிறை 16க்குப் பதில் 17 என்று வந்தால்தான் அது உங்கள் பிள்ளை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமானியில் தண்ணீர் உடைந்தாலும் 17இல் ஒரு கோடு வரும். இரண்டையும் முன்கூட்டியே பிரிக்காமல் படம் போட்டால், ஈரத்தைப் பார்த்து மீத்தேன் என்று எழுதிவிடுவோம்.

கூடவே ஆக்சிஜனையும் அளக்கவேண்டும். தண்ணீரிடமிருந்துதான் எலக்ட்ரான் வந்தது என்றால் ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு வந்தாகவேண்டும். ஆக்சிஜன் எண்ணே இல்லாத கட்டுரைகளை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.

'பலிப்பொருள்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது கடினம். எனவே டிரைஎத்தனாலமைன் போல எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அழிந்துபோகும் ஒரு வேதிப்பொருளைக் கலந்துவிடுவார்கள். எண்கள் உடனே பல மடங்கு உயரும். வினையின் ஒரு பாதியை மட்டும் தனியாக ஆராய இது நல்ல உத்தி. எரிபொருள் தயாரிப்பாகப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இலை நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறதா?

திறனில் அவ்வளவு பெரிய சூரப்புலி இல்லை. விழும் வெயிலில் பயிர்கள் உயிர்ப்பொருளாகச் சேமிப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடுதான். நெல் போன்றவற்றுக்கு ஏட்டளவிலான உச்சவரம்பு 4.6 விழுக்காடு, கரும்பு, சோளம் போன்றவற்றுக்கு 6 விழுக்காடு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி நொடிக்கு மூன்று முதல் பத்து மூலக்கூறு என்ற வேகத்தில் அரசாங்கக் கோப்புபோல் நகரும். ஆனாலும் இலை தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்கிறது, விதையிலிருந்து தன்னையே செய்துகொள்கிறது, காற்றில் வெறும் 0.04 விழுக்காடு இருக்கும் கார்பன் டைஆக்சைடை நேராக எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட எங்கள் பொடிகள் ஒழுங்காகச் செய்வதில்லை.

பொடியை விட்டுவிட்டு, சூரிய மின்தகடும் மின்னாற்பகுப்பும் வைத்துச் செய்தால்?

இன்றைய தேதியில் தொழிற்சாலை அளவுக்கு வந்திருப்பது அந்த வழிதான். தகடு மின்சாரம் செய்யும். மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும். ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் சூடான வினையூக்கியின் மேல் அழுத்தத்தோடு பாய்ந்து மெத்தனாலாகும். மூன்று தனித்தனி எந்திரங்கள். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம். பொடிக் கலத்தில் எல்லா வேலையையும் ஒரே துகள் செய்தாக வேண்டும், எல்லாவற்றையும் சுமாராகத்தான் செய்யும்.

சீனாவின் தாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த லி சான் குழுவினர் 2020இல் லான்சோ நகரில் 10 மெகாவாட் சூரிய மின்சாரத்தோடு, ஆண்டுக்கு 1,000 டன் அளவிலான மெத்தனால் செயல்விளக்க ஆலையை இயக்கிக் காட்டினார்கள். 'திரவ வெயில்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள், பொருத்தமான பெயர். ஐஸ்லாந்தில் 2012 முதல், புவிவெப்ப நிலையத்திலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடை ஆண்டுக்கு 4,000 டன் வரை மெத்தனாலாக்கும் ஆலை இயங்கியது. அங்கே மின்சாரம் வெயிலிலிருந்து வரவில்லை. அருவியும் பூமிச்சூடும் கொடுத்தவை. மெத்தனால் பொருளாதாரம் பற்றி வாழ்நாளின் பிற்பகுதி முழுதும் வாதாடிய நோபல் அறிஞர் ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

வெயிலின் சூட்டை நேரடியாகப் பயன்படுத்த முடியாதா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ ஸ்டைன்ஃபெல்ட் குழு சீரியம் ஆக்சைடைக் கையாள்கிறது. கண்ணாடிகளால் குவித்த வெயிலில் 1,500 டிகிரிக்குச் சூடாக்கினால் அது தன்னிடமுள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தை உதறிவிடும். சற்று ஆறவைத்துக் கார்பன் டைஆக்சைடையும் நீராவியையும் அனுப்பினால், இழந்த ஆக்சிஜனை அவற்றிடமிருந்து பறித்துக்கொள்ளும். மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இந்தக் கலவையை மெத்தனாலாகவோ மண்ணெண்ணெயாகவோ மாற்றும் கலை நூறாண்டுப் பழையது. பழையபடி ஆன சீரியம் ஆக்சைடு அடுத்த சுற்றுக்குத் தயார்.

2019இல் சூரிச் நகர நடுவில் ஒரு கட்டடத்தின் கூரையில் இதைக் காட்டினார்கள். கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும் அங்கேயே காற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை. ஏழு மணிநேரம் ஓடிய ஒரு நாளில் கிடைத்த மெத்தனால் 32 மில்லிலிட்டர். இருமல் மருந்துப் புட்டியில் பாதிகூட இல்லை. எனக்கு அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. காற்றில் தொடங்கித் திரவத்தில் முடியும் முழுப் பாதையையும் ஒரு கூரைமேல் முதல்முறையாகப் பார்க்க முடிந்தது. பிறகு ஸ்பெயினின் மோஸ்தோலெஸில் 169 கண்ணாடிகள் சூழ்ந்த கோபுரத்தில் விமான எரிபொருள் வரை செய்தார்கள். கதிரவன் ஆற்றலில் 4.1 விழுக்காடு அந்த வாயுக் கலவையில் சேர்ந்ததாக 2022இல் வெளியிட்டார்கள். இந்தக் குழுவிலிருந்து கிளைத்த நிறுவனம் 2024இல் ஜெர்மனியின் யூலிஹில் ஓர் ஆலையைத் திறந்திருக்கிறது.

'செயற்கை இலை' என்பது இதில் எங்கே வருகிறது?

பொடிக்கும் மின்தகட்டுக்கும் நடுவில். ஒளி உறிஞ்சும் மெல்லிய படலத்தின் ஒரு முகத்தில் கார்பன் டைஆக்சைடுக்கான வினையூக்கி, மறு முகத்தில் தண்ணீருக்கான வினையூக்கி. வெளியே கம்பி இல்லை. கேம்பிரிட்ஜில் எர்வின் ரைஸ்னர் குழு பெரோவ்ஸ்கைட், பிஸ்மத் வனடேட் என்ற ஒளி உறிஞ்சும் பொருள்களை வைத்து இதைச் செய்தது. 2022இல் மிதக்கும் அளவுக்கு இலேசாக்கி, கேம் ஆற்றில் மிதக்கவிட்டும் பார்த்தார்கள். நிலத்தை அடைக்காத எரிபொருள் என்ற வகையில் யோசனை அருமை. பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது என்பதும், இந்த இலைக்கு வேலையே தண்ணீரில் என்பதும்தான் வேடிக்கை. மழைக்கோட்டு மாட்டிவிட்டே இறக்கவேண்டியிருக்கிறது.

என் ஸ்கூட்டருக்கு இந்த எரிபொருளைப் போடலாமா?

போடலாம், ஆனால் வேண்டாம். நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக 5 யூனிட். அதில் 10 விழுக்காட்டை எரிபொருளாக்கும் கருவி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொடிகள் இதன் அருகில்கூட இல்லை. அரை யூனிட் ஆற்றல் சேரும். பெட்ரோல் கணக்கில் ஏறத்தாழ 55 மில்லிலிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி அதில் இரண்டரை கிலோமீட்டர் போகும்.

அதே சதுர மீட்டரில் சாதாரண மின்தகட்டை வைத்தால் ஒரு யூனிட் மின்சாரம். மின்சார ஸ்கூட்டர் அதில் முப்பது கிலோமீட்டர் தாண்டும். எரிபொருளாக்கி, அதை எஞ்சினில் எரித்து, பாதிக்கு மேல் சூடாக வீணாக்குவதற்குப் பதில் மின்சாரத்தை நேரே சக்கரத்துக்கு அனுப்புவது எத்தனையோ மேல்.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை?

மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு போகமுடியாதவர்களுக்கு. விமான எரிபொருளில் கிலோவுக்கு ஏறத்தாழ 43 மெகாஜூல் இருக்கிறது. நல்ல லித்தியம் மின்கலத்தில் ஒன்றை எட்டுவதே பாடு. கண்டம் தாண்டும் விமானத்துக்கு மின்கலம் ஏற்றினால் பயணிகளுக்கு இடமிருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் விமான எரிபொருளில் 1.2 விழுக்காடு இப்படிச் செயற்கையாகச் செய்யப்பட்டதாக இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. 2050இல் அது 35 விழுக்காடு. கப்பல்களும் மெத்தனால் பக்கம் திரும்புகின்றன. 2023இல் மெர்ஸ்க் நிறுவனம் மெத்தனாலில் ஓடும் சரக்குப் பெட்டகக் கப்பலை இறக்கியது. பிளாஸ்டிக், மருந்து, பசை எல்லாவற்றுக்கும் கார்பன் தேவை என்பதையும் மறக்கவேண்டாம். மின்சாரத்தில் கார்பன் கிடையாது.

புவி சூடாவதை இது நிறுத்திவிடுமா?

நிறுத்தாது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு உற்பத்தியாகும் மெத்தனால் சுமார் 11 கோடி டன். அத்தனையையும் கார்பன் டைஆக்சைடிலிருந்தே செய்தாலும் 15 கோடி டன் கார்பன் டைஆக்சைடு போதும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து நாம் வெளியேற்றுவதோ ஆண்டுக்கு 3,700 கோடி டன். இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. மேலும், இப்படிச் செய்த எரிபொருளை எரித்தவுடன் அதே கார்பன் மறுபடி காற்றுக்குத்தான் போகிறது. தோண்டி எடுப்பது அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவே. மீத்தேன் செய்து அதைக் கசியவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

கார்பன் டைஆக்சைடை எங்கிருந்து எடுக்கிறார்கள்? காற்றிலிருந்தா?

ஆய்வகத்தில் சிலிண்டரிலிருந்து. செய்தியில் 'காற்றிலிருந்து' என்று இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம் கார்பன் டைஆக்சைடுதான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து வரும் 2.3 கிலோவைத் திரும்பப் பிடிக்க, நடுத்தர அளவு அறைகள் எண்பதுக்கு மேற்பட்டவற்றின் காற்றைத் துளியும் விடாமல் வடிகட்டவேண்டும். புகைபோக்கியில் செறிவு பல மடங்கு அதிகம். ஆனால் அங்கே வினையூக்கிக்கு எமனான கந்தகமும் கூடவே வரும்.

இந்தியாவில் ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளுக்கு 20 டன் கார்பன் டைஆக்சைடைப் புகையிலிருந்து பிடித்து, ஹைட்ரஜன் சேர்த்து 10 டன் மெத்தனாலாக்கும் சோதனை ஆலையைத் தேசிய அனல்மின் கழகம் அமைத்திருக்கிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் செபாஸ்டியன் பீட்டர் குழு இதற்கான வினையூக்கிகளில் பல ஆண்டுகளாக உழைக்கிறது. சென்னை ஐஐடியின் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையத்திலும் கார்பன் டைஆக்சைடின் ஒளிவழி ஒடுக்கம் பழைய பழக்கம்.

தூத்துக்குடி ஆலையைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே 2016 வாக்கில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிடித்துச் சோடா உப்பு செய்யத் தொடங்கினார்கள். பாராட்டத்தக்கதுதான், ஆனால் நம் கதையில் சேராது. கார்பனேட் ஆவது கார்பன் டைஆக்சைடுக்கு இறக்கத்தில் உருளுவது போன்றது. எரிபொருள் ஆவதுதான் ஏற்றம்.

எப்போது கடைக்கு வரும்?

மின்சாரத்தின் வழியே செய்யும் மெத்தனால் ஏற்கெனவே வந்துவிட்டது, விலை அதிகம். பொடியைத் தண்ணீரில் கலக்கி வெயிலில் வைக்கும் வழிக்குத் தேதி சொல்பவரிடம் ஆர்கானில் ஓட்டினாரா என்று விசாரியுங்கள்.

கல்லூரி மாணவர்கள் கையால் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

கார்பன் டைஆக்சைடை ஒடுக்குவது வேண்டாம். அளக்கும் கருவி இல்லாமல் ஒன்றும் தெரியாது. ஒளிவினையூக்கி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க மெத்திலீன் நீலம் போதும். சாயத்தை வான்நீலம் தெரியும் அளவுக்குத் தண்ணீரில் கரையுங்கள். நான்கு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். இரண்டில் மட்டும் சிட்டிகை டைட்டானியம் டைஆக்சைடைப் போட்டுக் கலக்குங்கள். பொடி உள்ளதில் ஒன்றையும் இல்லாததில் ஒன்றையும் மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். மற்ற இரண்டையும் கருப்புத் துணியால் மூடுங்கள். அவ்வப்போது கலக்கிவிடவேண்டும், பொடி அடியில் படிந்துவிடும்.

பகல் சாய்வதற்குள், வெயிலில் இருந்த பொடிக் குவளையில் நீலம் வெளிறிப்போயிருக்கும். பொடி இல்லாமல் வெயிலில் இருந்ததும் லேசாக வெளுத்திருக்கும், ஏனென்றால் சாயம் தானாகவே வெயிலில் கொஞ்சம் மங்கும். இருட்டில் இருந்த பொடிக் குவளையிலும் நீலம் ஒரு சுற்றுக் குறைந்திருக்கும். அடியில் படிந்த பொடியைப் பாருங்கள், சாயத்தில் கொஞ்சம் அதன் மேல் ஒட்டியிருக்கும். முதல் குவளையிலிருந்து இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பொடியின் பெயரில் எவ்வளவு எழுதலாம் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.